ஜப்பானிய அனிமே படங்களுக்கு ஆஸ்கர் வாய்ப்பு எங்கே தீர்மானமாகிறது?

கேள்வி: ஜப்பானில் வசூலை அள்ளும் அனிமே படங்கள் ஆஸ்கர் போன்ற பெரிய விருதுகளில் ஏன் அரிதாகவே தலைகாட்டுகின்றன? இனி வரும் படங்களுக்கு வாய்ப்பு இருக்கிறதா, அதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கணிக்க முடியும், பெருமளவுக்கு. ஆனால் ஜப்பானிய வசூலையோ ரசிகர்களின் ஆரவாரத்தையோ பார்த்துக் கணிக்கக் கூடாது. அமெரிக்காவில் படத்தை யார் வெளியிடுகிறார்கள், ஆண்டின் எந்த மாதத்தில் வெளியிடுகிறார்கள், பரிந்துரைக்கான வாக்கெடுப்பு தொடங்கும் ஜனவரிக்குள் ஆஸ்கர் வழங்கும் அகாதமியின் உறுப்பினர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதில் பிசகினால் எவ்வளவு நல்ல படமும் ஐந்து பரிந்துரைகளுக்கு வெளியே நின்றுவிடும்.

முதலில் இதுவரை நடந்ததைப் பார்த்துவிடுவோம். முழுநீள அனிமேஷனுக்கான தனி ஆஸ்கர் 2001-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தரப்படுகிறது. அதை வென்ற ஜப்பானியப் படங்கள் இரண்டு: 2003 மார்ச்சில் ‘ஸ்பிரிட்டட் அவே’, 2024 மார்ச்சில் ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’. இரண்டும் ஹயாவோ மியாசாகி இயக்கிய ஸ்டூடியோ ஜிப்லி படங்கள். பரிந்துரையோடு நின்றவை ‘ஹௌல்ஸ் மூவிங் காசில்’, ‘தி விண்ட் ரைசஸ்’, இசாவோ தகாஹாட்டாவின் ‘பிரின்சஸ் காகுயா’, ‘வென் மார்னி வாஸ் தேர்’, மாமொரு ஹொசோதாவின் ‘மிராய்’. டச்சு இயக்குநர் ஒருவர் எடுத்து ஜிப்லி கூட்டுத் தயாரிப்பாளராக இருந்த ‘தி ரெட் டர்ட்டில்’ படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, எட்டுப் பரிந்துரைகள். அவற்றில் ஜிப்லியின் பெயர் இல்லாதது ‘மிராய்’ ஒன்றுதான். மகோதோ ஷின்காய், சதோஷி கோன், நவோகோ யமாதா, மசாகி யுவாசா ஆகியோரின் முழுநீளப் படம் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் கிடையாது. ஆஸ்கர் அனிமேயை ஒதுக்குகிறது என்பதைவிட, ஜிப்லிக்கு வெளியே அதன் கண் போகவில்லை என்பதுதான் சரியான குற்றச்சாட்டு.

இப்போது தகுதி விதிகள். படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். ஓடும் நேரத்தில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் அனிமேஷன் இருக்க வேண்டும். நடிகரின் அசைவைக் கணினியில் பதிவு செய்து அப்படியே உருவத்துக்கு மாற்றினால் அது மட்டும் அனிமேஷன் ஆகாது. சட்டகம் சட்டகமாக உருவாக்கிய அசைவாக இருக்க வேண்டும். ஜப்பானியப் படங்களுக்கு இவற்றில் சிக்கல் வருவதில்லை. சிக்கல் அடுத்ததில்தான். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வட்டாரம், சிகாகோ, அட்லாண்டா, டல்லாஸ் ஆகிய ஆறு பெருநகரப் பகுதிகளில் ஏதாவது ஒன்றில், டிக்கெட் விற்கும் திரையரங்கில், தொடர்ந்து ஏழு நாள் ஓட வேண்டும். நாளுக்கு மூன்று காட்சிகள் வேண்டும். அதில் ஒன்றாவது மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையில் தொடங்க வேண்டும். இது முழுக்க டிசம்பர் 31-க்குள் அடங்க வேண்டும். படம் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது திரையரங்கிலாக இருக்க வேண்டும். ஓடிடியிலோ தொலைக்காட்சியிலோ முதலில் வந்துவிட்டால் கதை முடிந்தது. வசனம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் ஆங்கில சப்டைட்டில் கட்டாயம்.

அமெரிக்காவில் பல அனிமே படங்களை ‘சிறப்புக் காட்சி’ என்று நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஓரிரு நாள் மட்டும் திரையிடுவார்கள். ரசிகர்கள் திரண்டு வந்து அரங்கை நிரப்புவார்கள். விநியோகஸ்தருக்குச் செலவும் குறைவு. ஆனால் ஆஸ்கர் கணக்கில் அந்தத் திரையிடலுக்கு மதிப்பே இல்லை. ஏழு நாள் ஓட்டத்தைத் தனியாக ஏற்பாடு செய்து, ஆண்டு இறுதிக்கு முன் விண்ணப்பத்தையும் கொடுத்தால்தான் படம் தகுதிப் பட்டியலில் ஏறும்.

அந்தத் தகுதிப் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ச் செய்திகளில் ஒவ்வோர் ஆண்டும் குழப்பம் வருவது இங்கேதான். 2025 ஜனவரியில் ‘கங்குவா’ ஆஸ்கர் பட்டியலில் இடம்பிடித்ததாகச் செய்தி பரவியது நினைவிருக்கும். அது விதிப்படி திரையிட்டு விண்ணப்பித்த 323 படங்களின் பட்டியல். 2025-ஆம் ஆண்டு அனிமேஷன் பிரிவில் தகுதிபெற்ற 35 படங்களில் ‘மகாவதார் நரசிம்மா’ இருந்ததும் அதே வகை. இசை, சர்வதேசத் திரைப்படம் போன்ற சில பிரிவுகளில் இடைக்கட்டமாகச் சுருக்கப் பட்டியல் ஒன்று டிசம்பரில் வரும். முழுநீள அனிமேஷனுக்கு அப்படி ஒரு கட்டமே இல்லை. தகுதிப் பட்டியல், அடுத்து நேராக ஐந்து பரிந்துரைகள், அவ்வளவுதான். ஆகவே ஒரு அனிமே தகுதிப் பட்டியலில் இருக்கிறது என்றால் விண்ணப்பம் சரியாகப் போயிருக்கிறது என்று மட்டுமே பொருள்.

ஐந்து பரிந்துரைகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் 2017-இல் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன் அனிமேஷன் துறையினர் கணிசமாக இருந்த குழு ஒன்று, படங்களைப் பார்த்து மதிப்பிட்டுத் தேர்ந்தெடுத்தது. கையால் வரையும் கலையின் நுட்பம் தெரிந்தவர்கள் அவர்கள். 2013 முதல் 2016 வரையிலான நான்கு ஆண்டுப் படங்களுக்கும் தொடர்ந்து ஜிப்லிக்குப் பரிந்துரை கிடைத்தது அந்தக் காலத்தில்தான். ‘காகுயா’ போன்ற, அமெரிக்கத் திரையரங்கில் பெரிதாக ஓடாத ஒரு படத்தை அவர்கள்தான் முன்னே கொண்டுவந்தார்கள். 2017-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, விருப்பம் தெரிவிக்கும் எந்த அகாதமி உறுப்பினரும் பரிந்துரை வாக்கில் பங்கேற்கலாம் என்றானது. ஒலிப்பதிவாளர், நடிகர், விளம்பரத் துறையினர் எல்லோரும் உள்ளே வரலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான படங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விளைவு முதல் ஆண்டே தெரிந்தது. ‘தி பாஸ் பேபி’யும் ‘ஃபெர்டினான்ட்’டும் பரிந்துரை பெற்றன; அதே தகுதிப் பட்டியலில் இருந்த ‘எ சைலண்ட் வாய்ஸ்’, ‘இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்’ இரண்டும் பெறவில்லை. இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத தேர்வு அது. மாற்றத்துக்குப் பின் முழுநீளப் பிரிவில் பரிந்துரை பெற்ற ஜப்பானியப் படங்கள் ‘மிராய்’, ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ இரண்டு மட்டுமே.

பரிந்துரை வாக்கு முன்னுரிமை வரிசைப்படி எண்ணப்படுகிறது. உறுப்பினர் தனக்குப் பிடித்த படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். இதில் முதலிடம் கொடுக்கும் வாக்காளர்கள் ஒரு படத்துக்கு வேண்டும். எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்று நான்காவது இடத்தில் வைக்கும் படம் தேறாது. சிறு கூட்டமே ஆனாலும் உயிரைக் கொடுத்து ஆதரிக்கும் படம் தேறும். சின்ன விநியோகஸ்தர்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் களமிறங்குகிறார்கள். இறுதிச் சுற்று வேறு மாதிரி. அங்கே எல்லா உறுப்பினர்களும் வாக்களிப்பார்கள், ஒருவருக்கு ஒரு வாக்கு, அதிக வாக்கு பெற்ற படம் வெற்றி. பெயர் தெரிந்த படத்துக்கும் பெரிய நிறுவனத்துக்கும் அங்கேதான் அனுகூலம். ஒரு பிரிவில் வாக்களிக்க வேண்டுமானால் அதிலுள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை 2025-இல் அகாதமி அறிவித்தது. அனிமேஷனைப் பார்க்காமலே வாக்களிக்கிறார்கள் என்பது பல ஆண்டுப் புகார்; இந்த விதி சிறிய படங்களுக்கு இறுதிச் சுற்றில் உதவும். பரிந்துரைச் சுற்றின் தடையை அது நீக்காது.

இந்தப் பின்னணியில் இரண்டு தோல்விகளையும் ஒரு வெற்றியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

‘யுவர் நேம்’ 2016 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியாகி 2,500 கோடி யென்னைத் தொட்டது. லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கம் அதைச் சிறந்த அனிமேஷனாகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க உரிமை வைத்திருந்த ஃபுனிமேஷன் 2016 டிசம்பர் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வாரம் மட்டும் ஓட்டியது. தகுதி கிடைத்தது. ஆனால் அமெரிக்கா முழுக்க வெளியானது 2017 ஏப்ரலில். அதற்குள் பரிந்துரை, விருது விழா எல்லாம் முடிந்திருந்தன. ஃபுனிமேஷன் அனிமே ரசிகர்களுக்கு டப்பிங் செய்து விற்பதில் தேர்ந்த நிறுவனம்; விருதுப் பிரசாரம் வேறு தொழில். வாக்காளர்களுக்கான தனித் திரையிடல்கள், இயக்குநரை வரவழைத்து உரையாடல்கள், தொழில் இதழ்களில் விளம்பரம் என்று செப்டம்பரிலிருந்தே உழைக்க வேண்டும். அந்த ஆண்டு பரிந்துரை பெற்ற ஐந்தில் ‘மை லைஃப் அஸ் எ சுக்கினி’ ஜிகிட்ஸ் நிறுவனத்துடையது; ‘தி ரெட் டர்ட்டில்’ சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் வெளியீடு. இரண்டு நிறுவனங்களும் இந்த உழைப்பில் பழம் தின்று கொட்டை போட்டவை.

‘டீமன் ஸ்லேயர்: முகன் ட்ரெயின்’ இதைவிடக் கூர்மையான உதாரணம். ஜப்பானின் வசூல் வரலாற்றில் ‘ஸ்பிரிட்டட் அவே’யை முந்தி முதலிடம் பிடித்த படம். 2020-ஆம் ஆண்டுக்கான தகுதிப் பட்டியலில் இருந்தது. பரிந்துரைகள் 2021 மார்ச் நடுவில் வந்தன. படம் அமெரிக்காவில் பரவலாக வெளியானதோ ஏப்ரல் 23 அன்று, விருது விழா நடந்த அதே வார இறுதியில். அங்கே சுமார் 5 கோடி டாலர் வசூலித்தது. வாக்காளர்கள் வாக்குச்சீட்டை நிரப்பியபோது அந்தப் பேச்சு எதுவும் அமெரிக்காவில் எழுந்திருக்கவில்லை.

இவற்றுக்கு நேர்மாறு ‘மிராய்’. அமெரிக்காவில் 10 லட்சம் டாலரைக்கூட எட்டாத படம். ஆனால் 2018 மே மாதம் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் முதல் திரையிடல், நவம்பர் இறுதியில் அமெரிக்க வெளியீடு, டிசம்பரில் கோல்டன் குளோப் பரிந்துரை, ஜனவரியில் ஆஸ்கர் பரிந்துரை என்று படி படியாக ஏறியது. வெளியிட்டது ஜிகிட்ஸ். குடும்பக் கதை, தனித்து நிற்கும் கதை, முன்பின் எதுவும் தெரியாமல் பார்க்கக்கூடியது. 2019 பிப்ரவரியில், அனிமேஷனுக்கென்றே தரப்படும் அனி விருதுகளில் சிறந்த சுயாதீனப் படம் என்ற விருதும் கிடைத்தது. ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ எதிரில் இருந்ததால் ஆஸ்கர் கிடைக்கவில்லை.

மியாசாகியின் இரண்டு வெற்றிகளிலும் இதே படிக்கட்டு இருக்கிறது. ‘ஸ்பிரிட்டட் அவே’ 2002 பிப்ரவரியில் பெர்லினில் தங்கக் கரடி வென்றது. அமெரிக்க வெளியீடு டிஸ்னி; பிக்ஸாரின் ஜான் லாசெட்டர் ஆங்கிலப் பதிப்பை முன்னின்று கவனித்தார். டிஸ்னியின் சொந்தப் படங்களான ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’, ‘ட்ரெஷர் பிளானெட்’ இரண்டும் அதே பட்டியலில் இருந்தும் ஜப்பானியப் படம் வென்றது. ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ ஜப்பானில் ஒரே ஒரு போஸ்டருடன், விளம்பரமே இல்லாமல் வந்தது. அமெரிக்காவில் வெளியிட்ட ஜிகிட்ஸ் அதே பாணியைப் பின்பற்றவில்லை. 2023 செப்டம்பரில் டொரான்டோ விழாவின் தொடக்கப் படம், டிசம்பர் 8 அன்று பரவலான வெளியீடு, வார இறுதி வசூலில் முதலிடம், ராபர்ட் பாட்டின்சன், கிறிஸ்டியன் பேல் குரல் கொடுத்த ஆங்கில டப்பிங், கூடவே சப்டைட்டில் பதிப்பு, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் விருதுகள், ஜனவரியில் கோல்டன் குளோப், பிப்ரவரியில் பிரிட்டனின் பாஃப்டா. கடைசி இரண்டிலும் அனிமேஷன் பிரிவில் வென்ற முதல் ஜப்பானியப் படம் அதுதான். அனி விருதும் தயாரிப்பாளர் சங்க விருதும் ‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ பக்கம் போயின; ஆஸ்கர் இந்தப் பக்கம் வந்தது. எதிர்ப் படம் பாதிக் கதையில் ‘தொடரும்’ போட்டு முடிந்ததும், 83 வயது மேதையின் கடைசிப் படமாக இது இருக்கலாம் என்ற உணர்வும் சேர்ந்தே வாக்கைத் திருப்பின என்பது என் கணிப்பு.

தொடர்ச்சிக் கதை என்பது சாதாரணத் தடையல்ல. தொலைக்காட்சித் தொடரின் நடுப்பகுதியைத் திரையில் காட்டும் படத்தை, தொடரைப் பார்க்காத அறுபது வயது ஒளிப்பதிவாளர் எப்படி முதலிடத்தில் வைப்பார்? ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ முந்தைய படம் செய்த காலக் கணக்குப் பிழையைச் செய்யவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியாகி முதல் வார இறுதியிலேயே 7 கோடி டாலரைத் தொட்டது. தமிழ் டப்பிங்கிலும் நம் அரங்குகளுக்கு வந்தது. கோல்டன் குளோப் பரிந்துரையும் கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரை மட்டும் கிடைக்கவில்லை. சண்டைக் காட்சிகளின் அனிமேஷன் உலகத் தரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று பாகக் கதையின் முதல் பாகம் அது. பழைய பகை, பழைய சபதம் தெரியாதவருக்குப் பாதி உணர்ச்சி போய்ச் சேராது.

ஜப்பான் பக்கத்திலும் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலான அனிமே படங்களுக்குப் பணம் போடுவது ‘தயாரிப்புக் குழு’: பதிப்பகம், தொலைக்காட்சி நிறுவனம், இசை நிறுவனம், பொம்மை விற்பவர் என்று பலர் பங்கு வைத்திருப்பார்கள். அவர்கள் கண் உள்நாட்டு வசூலிலும் பொருள் விற்பனையிலும் இருக்கும். அமெரிக்க வெளியீட்டுத் தேதியை ஆஸ்கருக்காக நகர்த்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பிரசாரச் செலவும் அமெரிக்க விநியோகஸ்தர் தலையில்தான் விழும். ‘சுசுமே’ 2022 நவம்பரில் ஜப்பானில் வந்து, 2023 பிப்ரவரியில் பெர்லின் போட்டிப் பிரிவுக்குப் போய், ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியானது. வாக்கெடுப்பு வந்த ஜனவரியில் அது ஒன்பது மாதப் பழைய படம். ஜிப்லியின் புதுப்படம் அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஷின்காயின் படங்களில் ஆஸ்கருக்கு மிகத் தகுதியானது ‘சுசுமே’தான் என்று நினைக்கிறேன், அதனாலேயே இந்த நழுவல் வருத்தமாக இருக்கிறது.

வேறு வாசல்கள் இல்லையா என்றால், இருக்கின்றன, குறுகலானவை. சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படம்தான் அனுப்பலாம். ஜப்பான் அனிமேயை அனுப்பியது ‘போம் போகோ’, ‘பிரின்சஸ் மோனோனோகே’, 2019-இல் ‘வெதரிங் வித் யூ’ ஆகிய தருணங்களில். எதுவும் பரிந்துரை பெறவில்லை. லாட்வியாவின் ‘ஃப்ளோ’ 2025-இல் இரண்டு பிரிவிலும் பரிந்துரை பெற்று அனிமேஷனில் வென்றதால் இந்த வாசல் அடைபட்டதல்ல என்று தெரிகிறது. சிறந்த படம் பிரிவில் இதுவரை நுழைந்த அனிமேஷன்கள் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’, ‘அப்’, ‘டாய் ஸ்டோரி 3’ மட்டும். அனிமேக்கு அங்கே இப்போதைக்கு வாய்ப்பில்லை என்றே சொல்வேன். இசைப் பிரிவில் ஜோ ஹிசாய்ஷி ‘ஹெரான்’ படத்துக்காகச் சுருக்கப் பட்டியல் வரை வந்தார்.

குறும்படப் பிரிவைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 40 நிமிடத்துக்குள் அடங்கும் படம், அகாதமி அங்கீகரித்த விழா ஒன்றில் உரிய பரிசை வென்றாலே தகுதி பெற்றுவிடும். பெரிய விநியோகஸ்தர் தேவையில்லை. குனியோ கதோவின் ‘சுமிகி நோ இயே’ 2008-இல் பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவின் முதல் பரிசைப் பெற்று, 2009 பிப்ரவரியில் ஆஸ்கரும் வென்றது. கோஜி யமமுரா, ஷுஹெய் மொரிதா பரிந்துரை பெற்றார்கள்; தோயி நிறுவனத்தின் ‘மேஜிக் கேண்டீஸ்’ 2025-இல் பெற்றது.

திரைப்பட விழாக்களில் நிலைமை வேறு. அங்கே சில நடுவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்க்கிறார்கள். வெளியீட்டுத் தேதி, பிரசாரச் செலவு எதுவும் குறுக்கே வராது. ‘ஹௌல்ஸ்’, சதோஷி கோனின் ‘பாப்ரிகா’, ‘போன்யோ’, ‘தி விண்ட் ரைசஸ்’ வெனிஸ் போட்டியில் இருந்தன. ‘இன்னொசன்ஸ்’ 2004-இல் கான் போட்டியில் இருந்தது. சதோஷி கோனின் கலைக்கு மரியாதை கிடைத்த இடம் இதுதான், ஆஸ்கர் அல்ல.

இனி ஒரு புதிய படத்தின் வாய்ப்பை எடைபோட வேண்டுமென்றால் மே மாதம் கானிலிருந்து தொடங்குங்கள். ஜூனில் அன்னெசி, செப்டம்பரில் வெனிஸ், டொரான்டோ. இவற்றில் ஒன்றில்கூட இல்லாத படம் பின்தங்கியே தொடங்குகிறது. அமெரிக்க வெளியீடு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் இருக்கிறதா, அல்லது டிசம்பரில் ஒரு வாரம் மட்டும் ஓட்டிவிட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் விருதுகளும் கோல்டன் குளோப் பரிந்துரையும் வரும். குளோப் பரிந்துரை மட்டும் போதாது. ‘இனு-ஓ’, ‘சுசுமே’ இரண்டும் அதைப் பெற்று ஆஸ்கரில் நின்றுவிட்டன. விமர்சகர் விருது, குளோப், அனி பரிந்துரைகள் மூன்றும் சேர்ந்து, விநியோகஸ்தர் முன்பே பரிந்துரை வாங்கிய அனுபவசாலியாகவும் இருந்தால் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று கொள்ளலாம்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது, 2024 அக்டோபரில் தோஹோ நிறுவனம் ஜிகிட்ஸை வாங்குவதாக அறிவித்தது. ஜப்பானின் மிகப் பெரிய விநியோகஸ்தரும், அமெரிக்காவில் அனிமேக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த கையும் இப்போது ஒரே வீட்டில் இருக்கின்றன. ஜப்பானிய வெளியீட்டுத் தேதியை முடிவு செய்யும்போதே அமெரிக்கத் தேதியையும் சேர்த்துத் திட்டமிட முடியும். அதை அவர்கள் செய்கிறார்களா என்பது, ஜிப்லி அல்லாத ஓர் இயக்குநரின் தனிக்கதை அடுத்து எந்த மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அரங்குக்கு வருகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.